மெல்லிய அடுக்குகளில் காந்தம் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராதனையில் பௌதிகவியல் முடித்துவிட்டு ஆய்வுக்குப் போகக் காத்திருக்கும் ஹட்டன், பதுளைப் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எதிர்பெரோகாந்த அடுக்குப் பொருள்களில், அதாவது உள்ளிருக்கும் குட்டிக் காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் அடுக்கடுக்கான பளிங்குகளில், கை வைத்தால், உண்மையான சிக்னலைத் தேடுவதைவிடப் பொய்ச் சிக்னலைக் கழித்துக்கட்டுவதற்கே அதிக நேரம் போகும்.

முதல் மயக்கம், ஸ்குவிட் காந்தமானியால் (மீகடத்தி வளையத்தைக் கொண்டு மிகச் சிறிய காந்தத்தையும் அளக்கும் கருவி) எதையும் அளக்கலாம் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நீள அகலம் 10 மைக்ரோமீட்டர் உள்ள குரோமியம் மூவயடைட்டு (CrI₃) என்ற அடுக்குப் பொருளின் ஒற்றை அடுக்கில் எல்லாக் குரோமியமும் ஒரே பக்கம் பார்த்து நின்றாலும், மொத்தக் காந்தத் திருப்புதிறன் (காந்தத்தின் வலிமை) ஏறத்தாழ 10⁻¹¹ ஈ.எம்.யூ. (அதை அளக்கும் அலகு) தான். வழமையான ஸ்குவிட் 10⁻⁸ அளவிலேயே தடுமாறத் தொடங்கும். அடியில் கிடக்கும் சிலிக்கன் துண்டு அதைவிடத் தொல்லை. 5 மி.மீ. சதுரமும் அரை மி.மீ. தடிப்பும் உள்ள துண்டு, 1 டெஸ்லா புலத்தில் தரும் தயாகாந்தச் சிக்னல் (புலத்துக்கு எதிராக எழும் மெல்லிய காந்தம்) இதைப்போல 20 இலட்சம் மடங்குக்கு மேல். இரண்டு தொன் கொழுந்து ஏற்றிய லொறியைத் தராசில் நிறுத்து, ஒரு கிராம் இலையின் பாரத்தைச் சொல்லப் பார்ப்பது மாதிரி. ஸ்குவிட்டைப் பெரிய பளிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய துண்டுக்குக் கெர் விளைவு (காந்தத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் முனைவுத்தளம் சற்றுத் திரும்புவது), வைர உணரி (வைரத்தில் உள்ள குறையைக் கொண்டு காந்தப்புலத்தை அளப்பது), சுரங்க மின்னோட்டம் (மெல்லிய துண்டின் ஊடாக இலத்திரன்கள் ஊடுருவிச் செல்லும் மின்னோட்டம்) என்று வேறு வழிகள் உண்டு.

சரி, கெர் விளைவில் பூச்சியம் வருகிறது. காந்தம் இல்லை என்று எழுதிவிடலாமா? கூடாது. குரோமியம் மூவயடைட்டில் ஒவ்வொரு அடுக்கும் தனியாகப் பெரோகாந்தம், அதாவது அடுக்குக்குள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். மெல்லிய துண்டில் பக்கத்து அடுக்குகள் எதிரெதிராக நிற்கும். இரண்டு அடுக்கு என்றால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மூன்று என்றால் ஒன்றின் பங்கு மிஞ்சும். புலத்தைக் கூட்டிக்கொண்டு போனால் இரட்டை அடுக்கில் ஏறத்தாழ 0.7 டெஸ்லாவில் சிக்னல் சடாரென்று தாவும். 2017இல் வெளியான அளவீடுகள் இதைத்தான் காட்டின. ஆகவே அடுக்கு எத்தனை என்று உறுதியாகத் தெரியாமல் பூச்சியத்துக்குப் பொருள் சொல்லாதீர்கள். பெரிய பளிங்கின் குணத்தை மெல்லியதிலும் எதிர்பார்க்காதீர்கள்: அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று அமரும் விதம் வேறு என்பதால், அதே பொருள் தடித்த பளிங்கில் 61 கெல்வினுக்குக் கீழே பெரோகாந்தமாக இருக்கிறது.

எனக்குப் பிடித்த பொறி ஒட்சிசன். மாதிரி அறைக்குள் கொஞ்சம் வளி கசிந்தாலும் அதிலுள்ள ஒட்சிசன் குளிரில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். திண்ம ஒட்சிசனுக்கே காந்தக் குணம் உண்டு. ஏறத்தாழ 44 கெல்வினில் அதன் கட்டம் மாறும்போது தரவில் ஒரு மேடு எழும். குரோமியம் மூவயடைட்டு ஒற்றை அடுக்கின் மாறுநிலை வெப்பநிலை (இதற்குக் கீழேதான் காந்த ஒழுங்கு வரும்) 45 கெல்வின். ஆளை ஏமாற்ற இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது! அந்தப் பக்கத்தில் மேடு தெரிந்தால், அறையை வெற்றிடமாக்கி ஹீலியத்தால் பலமுறை கழுவிவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். மேடு சுருங்கினால் அது வளியின் வேலை.

உருக்கு இடுக்கியால் மாதிரியைத் தொட வேண்டாம். ஒட்டும் இரும்புத் துகளே, புலத்தைக் கூட்டிக் குறைக்கும்போது, அழகான பெரோகாந்த வளையம் வரைந்து காட்டும். கெர் அளவீட்டில் பொருள்வில்லையின் (மாதிரிக்கு அருகில் உள்ள நுணுக்குக்காட்டி வில்லை) கண்ணாடியும் புலத்துக்கேற்ப ஒளியைச் சுழற்றும், அதைக் கழியுங்கள். அடித்துண்டின் மேலுள்ள சிலிக்கன் ஒட்சைட்டின் தடிப்பும் ஒளியின் அலைநீளமும் சேர்ந்து சிக்னலின் குறியையே மாற்றிவிடலாம். லேசர் துண்டைச் சூடாக்கும் என்பதால் அதன் வலுவை மைக்ரோவாற்றுகளில் வையுங்கள். வெப்பமானி காட்டுவது மேடையின் வெப்பநிலை, துண்டினுடையது அல்ல. அப்புறம் ஈரம். நுவரெலியா மூடுபனி வேண்டாம், சாதாரண அறை வளியிலேயே உரித்த மூவயடைட்டு நிமிடங்களில் கெடும். மெல்லிய அடுக்குகளை உரிக்கும் கைப்பழக்கத்தைப் போகலைச் சுரங்கத்துக் காரீயத்தில் (பென்சில் கரி) எடுத்துக்கொண்டு, உண்மையான மாதிரியை மந்த வாயுப் பெட்டிக்குள் மட்டும் திறவுங்கள்.

பெரிய பளிங்கிலும் ஒரு வழுக்கல் உண்டு. காந்த ஏற்புத்திறன் (புலத்துக்குப் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) உச்சம் தொடும் இடம்தான் நீல் வெப்பநிலை (எதிர்பெரோகாந்த ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலை) என்று பலர் குறித்துவிடுகிறார்கள். மாங்கனீசு பொசுபரசு முச்சல்பைட்டு (MnPS₃) என்ற எதிர்பெரோகாந்தப் பொருளில் அகன்ற உச்சம் 120 கெல்வின் பக்கம் வரும். நீல் வெப்பநிலையோ 78 கெல்வின். அடுக்குக்குள் குறுந்தூர ஒழுங்கு முன்பே தொடங்கிவிடுவதால் இந்த இடைவெளி. உண்மையான நீல் வெப்பநிலையைக் காண, ஏற்புத்திறனை வெப்பநிலையால் பெருக்கி, அதன் சரிவு எங்கே உச்சம் காண்கிறது என்று பாருங்கள். வெப்பக் கொள்ளளவு அளவீடும் கையில் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள்.