ஆர்.டி.எஸ். சர்வரில் வால்பேப்பர் வரவில்லையா? படத்தைக் கடைசியில் பாருங்கள்

ஆர்.டி.எஸ். (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) என்பது பல யூசர்கள் தூரத்திலிருந்து ஒரே சர்வரில் லாகின் செய்து வேலை பார்க்கும் ஏற்பாடு. அங்கே "சர்வர்ல கம்பெனி வால்பேப்பர் வரலை" என்று டிக்கெட் வந்தால், எங்கள் டீமுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் உடனே ஜேபெக் ஃபைலை மாற்றிப் பார்ப்பார்கள். படத்தில் கோளாறு இருப்பது அபூர்வம். முதலில் தெரிய வேண்டியது, வால்பேப்பரை வைக்கச் சொல்லும் குரூப் பாலிசி அந்த யூசருக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான்.

பிரச்சினை உள்ளவரையே அதே சர்வரில் லாகின் செய்யச் சொல்லி, அவருடைய செஷனில் சாதாரண கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஜிபிரிசல்ட் /ஆர்' கொடுங்கள். எந்தெந்தப் பாலிசி வந்தது என்று அது காட்டும். 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' போட்டு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்துத் திறந்தால் உங்கள் அக்கவுண்டின் கதைதான் வரும். அவர் கதை வராது.

யூசர் பகுதியில் வால்பேப்பர் ஜி.பி.ஓ. (குரூப் பாலிசி செட்டிங்குகளின் தொகுப்பு) பெயரே இல்லையா? அநேகமாக லூப்பேக் (சர்வருக்கு லிங்க் செய்த ஜி.பி.ஓ.வின் யூசர் செட்டிங்கையும் எடுக்க வைப்பது) போடாததுதான். 'டெஸ்க்டாப் வால்பேப்பர்' ஒரு யூசர் செட்டிங். சர்வர்கள் இருக்கும் ஓ.யூ.வில் (ஆக்டிவ் டைரக்டரியில் அக்கவுண்டுகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) ஜி.பி.ஓ.வை லிங்க் செய்தால் மட்டும் போதாது. லூப்பேக் இல்லாவிட்டால், யூசர் அக்கவுண்ட் எந்த ஓ.யூ.வில் இருக்கிறதோ அங்கிருந்துதான் விண்டோஸ் யூசர் செட்டிங்குகளை எடுக்கும். கம்ப்யூட்டர் பகுதியில், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், குரூப் பாலிசி என்று போனால் லூப்பேக் இருக்கும். நான் இரண்டு பக்க செட்டிங்குகளையும் சேர்க்கும் 'மெர்ஜ்' பக்கம். 'ரீப்ளேஸ்' போட்டால், அவருடைய சொந்த ஓ.யூ. வழியாக வந்த டிரைவ் மேப்பிங், பிரிண்டர் எல்லாம் அந்த சர்வரில் காணாமல் போகும். மறுநாள் காலை அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டிலிருந்து வரும் ஃபோனை நீங்களே எடுங்கள்.

பெயர் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் 'நாட் அப்ளைடு, அன்னோன் ரீசன்' என்று போட்டிருக்கிறதா? ஜி.பி.ஓ. யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியலான செக்யூரிட்டி ஃபில்டரிங்கைப் பாருங்கள். 2016 ஜூனில் வந்த எம்.எஸ்.16-072 அப்டேட்டுக்குப் பிறகு, யூசர் பாலிசியையும் கம்ப்யூட்டர் அக்கவுண்ட்தான் படிக்கிறது. 'ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்' குரூப்பைத் தூக்கிவிட்டு ஒரு யூசர் குரூப்பை மட்டும் வைத்திருந்தால் சர்வரால் படிக்க முடியாது. டெலிகேஷன் டேபில் 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குரூப்புக்கு ரீட் மட்டும் கொடுங்கள்.

பாலிசி வந்துவிட்டது, படம்தான் வரவில்லை என்றால் ஃபைல் பாதைக்கு வரலாம். ஜி.பி.ஓ.வில் கொடுத்த பாதையை யூசர் செஷனிலேயே ரன் பாக்ஸில் ஒட்டித் திறந்து பாருங்கள். இசட் டிரைவ், எக்ஸ் டிரைவ் என்று மேப் செய்த எழுத்தைப் போட்டு நம்பாதீர்கள். பாலிசி ஓடும் நேரத்தில் அந்த டிரைவ் இருக்கும் என்று சொல்ல முடியாது. "ஒரு நாள் வருது, ஒரு நாள் வரலை" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. கனெக்‌ஷன் புரோக்கர் அவரை ஒவ்வொரு முறையும் வேறு சர்வருக்கு அனுப்பலாம். அதில் ஏதோ ஒரு சர்வரின் சி டிரைவில் படம் இல்லை. குரூப் பாலிசி பிரிஃபரன்சஸில் உள்ள 'ஃபைல்ஸ்' மூலம், கம்ப்யூட்டர் பகுதியில், எல்லா சர்வருக்கும் ஒரே இடத்தில் காப்பி செய்துவிடுங்கள். படம் இருக்கும் நெட்வொர்க் ஷேரில் கம்ப்யூட்டர் அக்கவுண்டுகளுக்கு ரீட் இருக்க வேண்டும்.

வெறும் கறுப்புத் திரை என்றால் ரிமோட் டெஸ்க்டாப் கிளையன்ட்டின் 'எக்ஸ்பீரியன்ஸ்' டேபில் 'டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். சர்வர் பக்கம் 'ரிமூவ் ரிமோட் டெஸ்க்டாப் வால்பேப்பர்' என்றே ஒரு பாலிசி உண்டு. பேண்ட்வித் மிச்சம் பிடிக்க யாராவது எப்போதோ எனேபிள் செய்திருப்பார்கள்.

பழைய படமே நின்றால் கேஷ். யூசரின் ஆப்டேட்டாவில், 'தீம்ஸ்' ஃபோல்டருக்குள் 'டிரான்ஸ்கோடட் வால்பேப்பர்' என்ற ஃபைல் இருக்கும். அதை அழிப்பதைவிட, புதுப் படத்துக்குப் புதுப் பெயர் வைத்து பாலிசியில் பாதையை மாற்றுவது எனக்குப் பிடித்த வழி.

ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் 'சைன் அவுட்' செய்யச் சொல்லுங்கள். "வெளியே வந்துட்டேன் சார்" என்பார்கள். மூலையில் இருக்கும் எக்ஸை அழுத்தியிருப்பார்கள், செஷன் உயிரோடு கிடக்கும். 'குவெரி செஷன்' கொடுத்தால் அவர் பெயருக்கு நேராக 'டிஸ்க்' (டிஸ்கனெக்டட்) என்று காட்டும். அந்த செஷனை லாக் ஆஃப் செய்துவிட்டு, மறுபடி உள்ளே வரச் சொல்லுங்கள்.