சாயமும் லீக்ஸும் போதும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளிப் பிள்ளைகள் படம் வரைய நான் வண்ணப்பெட்டி கேட்பதில்லை. வடித்த தேயிலைத் தூளை மறுபடி நீரில் கொதிக்கவைத்துச் சுண்டவிடுங்கள். நல்ல பழுப்பு கிடைக்கும். ஆறியதும் கொடுக்கலாம். துருப்பிடித்த ஆணியை அதில் ஓரிரவு ஊறவைத்தால் சாயம் கறுக்கும். ஆணியை எடுத்துவிட வேண்டும். மஞ்சள்தூள் கரைசல் தீட்டிய தாளில் சவர்க்கார நீர் பட்டால் சிவக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்!

பெரிய வெங்காயத்தாள் போலிருக்கும் நுவரெலியா லீக்ஸின் தண்டைக் குறுக்கே வெட்டி, சாயத்தில் தொட்டு அச்சுக் குத்தினால் வளையத்துக்குள் வளையம் விழும். தாளுக்குப் பழைய கலண்டரின் பின்பக்கம்.

மாதிரிப் படம் மட்டும் வேண்டாம். காட்டினால் எல்லாரும் அதே மலை, அதே சூரியன்தான். "இது என்ன?" என்று கேட்பதும் எனக்குப் பிடிக்காது, "எப்படிச் செய்தாய், மகள்?" என்று கேளுங்கள். மழைக்காலத்தில் தாள் லேசில் காயாது, அடுப்படிக் கொடியில் போடுங்கள்.