ரிசார்ட்டில் ஒரு நாள்: கொடுக்கும் பணத்துக்குத் தகுமா என்று கணக்குப் பார்ப்பது எப்படி

கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். நினைத்த நேரத்தில் பேருந்து ஏறிப் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனாலும் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி, “ஒரு நாள் ரிசார்ட்டில் தங்கிவிட்டு வரலாமா?” என்பதாகவே இருக்கிறது. கேட்பவர்கள் பிள்ளைகள், கணக்குப் போடுபவர்கள் பெரியவர்கள். அந்தக் கணக்கைப் பெரும்பாலோர் அறை வாடகையோடு நிறுத்திவிடுகிறார்கள். சென்ற ஆண்டு மே மாதம் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா ஆகியோருடன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் ஓர் இரவு தங்கிய நானும் அப்படித்தான் நிறுத்தினேன். கிளம்பும்போது நீட்டப்பட்ட பில் எனக்குக் கற்றுக்கொடுத்ததையே இங்கே முறைப்படுத்தி எழுதுகிறேன்.

இந்த வகை விடுமுறை எதற்காக உருவானது என்பதை முதலில் பார்த்துவிட்டால் கணக்கு எளிதாகும். இங்கிலாந்தில் பில்லி பட்லின் என்பவர் 1936-இல் ஸ்கெக்னஸ் கடற்கரையில் தம் முதல் விடுமுறை முகாமைத் திறந்தார். ‘ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை’ என்பது அவருடைய விளம்பர வாசகமாக இருந்தது. தங்குமிடம், சாப்பாடு, விளையாட்டு ஆகியவற்றை ஒரே கட்டணத்தில் அடக்கியதுதான் அதன் கவர்ச்சி. 1950-இல் தொடங்கிய கிளப் மெட், 1968-இல் நெதர்லாந்தில் தொடங்கிய சென்டர் பார்க்ஸ் ஆகியவையும் அதே எண்ணத்தை வெவ்வேறு விதமாக வளர்த்தவை. வாயிலுக்குள் நுழைந்த குடும்பம் விடுமுறை முடியும்வரை வெளியே வரத் தேவையில்லை என்பதே இவை அனைத்துக்கும் அடிப்படை. மழையும் குளிரும் நிறைந்த நாடுகளில், வெளியே போனாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லாத இடங்களில், இந்த ஏற்பாடு மிகப் பொருத்தமானது.

புதுச்சேரியின் நிலை இதற்கு நேர்மாறானது, ஏனெனில் இங்கே வெளியில் கிடைப்பதில் பாதிக்குக் கட்டணமே இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வாகனங்கள் நிறுத்தப்படும் கடற்கரைச் சாலையில் பிள்ளைகள் இஷ்டம்போல ஓடலாம். மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போகலாம். 1826-இல் உருவான தாவரவியல் பூங்காவில் மணிக்கணக்கில் சுற்றலாம். ஆரோவில் போய் அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமையானால் காந்தி வீதிச் சந்தை வேறு. ஆகவே இங்கே ரிசார்ட்டில் அறை எடுக்கும் குடும்பங்கள் பலவும், ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஊரைப் பார்க்காமல் போவதா’ என்று மதியமே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. நீச்சல் குளத்துக்கும் புல்வெளிக்கும் சேர்த்துக் கொடுத்த பணம் அறையில் பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் செய்த முதல் தவறும் இதுதான்.

எனவே முதல் விதியாக, ஊர் பார்க்கப் போகிறோமா, உள்ளேயே இருக்கப் போகிறோமா என்பதை முன்பதிவுக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஊர் பார்ப்பதுதான் எண்ணம் என்றால் நகருக்குள் சுத்தமான சாதாரண அறை போதும். அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்களே இருக்கின்றன; இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும், மதுவும் புகையும் கூடாது என்ற கட்டுப்பாடுகள் குழந்தைகளோடு வருபவர்களுக்கு உண்மையில் வசதிதான். உள்ளேயே இருப்பதாக முடிவெடுத்தவர்களுக்குத்தான் இனி வரும் கணக்கு.

அறைக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்க்காமல், விழித்திருந்து அனுபவிக்கும் மணி ஒன்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பிற்பகல் 2 மணிக்கு உள்ளே விட்டு மறுநாள் காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொன்னால், ‘ஒரு நாள்’ என்பது 21 மணி நேரம்தான். அதில் உறக்கம் எட்டு மணி நேரம், சாப்பிட, குளிக்க, பெட்டி கட்ட நான்கு மணி நேரம், எஞ்சுவது ஒன்பது. எங்களைப் போன்ற ஐந்து பேர் குடும்பத்துக்கு எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை உணவுடன் அறைக்கு 5,500 ரூபாய், பாட்டிக்குக் கூடுதல் கட்டிலுக்கு 1,200, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 600, நான்கு வயதுக் குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்று வைத்துக்கொண்டால் 7,300 ஆகிறது. 5 சதவீத வரியுடன் 7,665. இரவு புஃபே பெரியவருக்கு 700, பிள்ளைக்கு 350 என்றால் வரியுடன் 2,573. மாலைக் காபிக்கும் பஜ்ஜிக்கும் 600, படகுக்கும் நீச்சல் உடைக்கும் 900. மொத்தம் 11,738 ரூபாய். ஒன்பதால் வகுத்தால் மணிக்குச் சுமார் 1,300 ரூபாய். அந்த ஒன்பதில் ஐந்து மணி நேரத்தை ஊர் சுற்றுவதில் செலவிட்டால், உள்ளே இருந்த நான்கு மணி நேரத்துக்கு மணிக்கு மூவாயிரத்தை நெருங்குகிறது.

இதே இடங்களில் பலவற்றில் ‘டே அவுட்’ என்ற ஏற்பாடும் உண்டு. காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணிவரை குளம், விளையாட்டு, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், அறை கிடையாது. பெரியவருக்கு 1,200, பிள்ளைக்கு 700 என்று வைத்தால் அதே குடும்பத்துக்கு 4,300; படகும் உடையும் சேர்த்து 5,200. சாப்பாட்டு நேரம் போக ஆறு மணி நேரம் கிடைக்கும்; மணிக்கு 870 ரூபாய்க்குள் அடங்கிவிடும். சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் கார் ஓட்டி வருபவருக்குக் கட்டில் வேண்டும். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிக்காரர்களுக்குக் கட்டில் வீட்டிலேயே இருக்கிறது. நம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு, ஓர் இரவு தங்குவதைவிட டே அவுட்தான் பெரும்பாலும் லாபம் என்பது என் முடிவு.

தங்கியே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால், ஆண்டுக்கு ஒரு முறை ஓர் இரவு என்று போவதைவிட, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இரண்டு இரவுகள் என்று போவது மேல். காலை 7 முதல் மாலை 7 வரை குளம் திறந்திருக்கும் இடத்தில், ஓர் இரவு தங்கினால் குளத்துக்குக் கிடைக்கும் நேரம் முதல் நாள் மாலை நான்கு மணி நேரமும் மறுநாள் காலை மூன்று மணி நேரமுமாக ஏழு. இரண்டு இரவுகள் தங்கினால், நடுவில் ஒரு முழு நாள் சேர்ந்து, பத்தொன்பது. பெட்டியைத் திறப்பதும் கட்டுவதும் எப்படியும் ஒரே தடவைதான்.

வரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் ஏமாறும் இடம் இது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறை வரியுடன் 7,875 ஆகிறது. 8,000 ரூபாய் அறை 9,440 ஆகிறது. வாடகையில் 500 ரூபாய் வித்தியாசம், கையிலிருந்து போவதில் 1,565 ரூபாய் வித்தியாசமாகிவிடுகிறது. விலைப்பட்டியலில் போட்டிருக்கும் தொகைக்கு அல்லாமல் உண்மையில் வாங்கும் தொகைக்கே வரி என்பதால், வார நாள் தள்ளுபடி கேட்டு அறையை 7,500-க்குள் இறக்குவது இரட்டை லாபம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: முந்தைய நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறையை 7,500-க்கு மேல் வாடகைக்கு விட்ட விடுதியின் உணவகத்தில் சாப்பாட்டுக்கும் 18 சதவீத வரி உண்டு. நீங்கள் எடுத்த அறை மலிவானதாக இருந்தாலும் அதே வரிதான். மேலே சொன்ன இரவு உணவு, வரிக்கு முன் 2,450 ரூபாய், அங்கே 2,891 ஆகிவிடும். ‘சேவைக் கட்டணம்’ என்று பில்லில் தனியாக ஒரு தொகை இருந்தால், அது கட்டாயம் இல்லை என்று பணிவாகச் சொல்லி நீக்கச் சொல்லுங்கள். அதைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது.

சாப்பாட்டுத் திட்டங்களை விடுதிக்காரர்கள் சுருக்கெழுத்தில் சொல்வார்கள். இ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் காலை உணவும் சேர்த்து, எம்.ஏ.பி. என்றால் காலை உணவுடன் இன்னொரு வேளை, ஏ.பி. என்றால் மூன்று வேளையும். உள்ளேயே இருக்கப் போகும் குடும்பத்துக்கு எம்.ஏ.பி.தான் பொதுவாகக் கட்டுப்படியாகும் என்பது என் அனுபவம். இங்கே பணக்கணக்கோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. அடுக்களையுடன் கூடிய வில்லாவை வாடகைக்கு எடுத்தால் தலைக்கு ஆகும் செலவு குறையும் என்று பலர் சொல்கிறார்கள். குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அடுக்களையில் நிற்கப் போவது வீட்டில் அன்றாடம் நிற்கிற அதே பெண்தான். அவருக்கு அது விடுமுறையே அல்ல, இடமாற்றம். ரிசார்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் எனக்கு முழு நியாயமாகத் தோன்றிய பகுதி, இரண்டு வேளை என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, யாருக்கும் பரிமாறாமல், சூடாகச் சாப்பிட்டதற்கு ஆன பகுதிதான்.

பிள்ளைகளுக்கு நீச்சல் குளமே உலகம். புதுச்சேரி நகரக் கடற்கரை பெரும்பாலும் கற்பாறைகள் கொட்டிய கரை. மணல் உள்ள இடங்களிலும் நம் கடல் சிறுவர்களை இறக்கிவிடத்தக்க கடல் அல்ல. ஆகவே ஆழம் குறைந்த சிறுவர் குளம் உள்ள இடத்துக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். ‘கடலைப் பார்த்த அறை’ என்பதற்காகக் கூடுதலாகக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்புவதே இல்லை. போகும்போது நைலான் உடை எடுத்துக்கொள்ளுங்கள். என் மூத்த மகன் பருத்தி அரைக்கால் சட்டையுடன் குளத்து விளிம்பில் கட்டைவிரலை மட்டும் தண்ணீரில் நனைத்தபடி நின்றுகொண்டிருக்க, விசிலை வாயில் வைத்திருந்த காவலர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வரவேற்பறையில் 450 ரூபாய்க்கு வாங்கிய நீல நிற உடையின் விலைச்சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்துவிட்டுத்தான் அவன் குதித்தான். அதே துணி கடலூர் கடைத்தெருவில் பாதி விலைக்குக் கிடைத்திருக்கும்.

பெரியவர்களின் கணக்கு வேறு. என் அம்மா வழக்கம்போல் விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிட்டார். உணவுக்கூடம் திறப்பது ஏழரைக்கு. அறையில் ஒரு மின்கெட்டிலும், விரல் நீளக் காபித்தூள் பொட்டலங்கள் இரண்டும், பால் பவுடரும் இருந்தன, கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “இதுக்கா இவ்ளோ காசு குடுத்த?” என்று கேட்டுவிட்டு டம்ளரை மேசையில் வைத்துவிட்டார். டிகாக்‌ஷனும் பிளாஸ்க்கும் கையோடு கொண்டுபோவது ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை. குளத்தில் இறங்காத, புஃபேயில் தயிர்சாதம் மட்டும் சாப்பிடுகிற ஒருவருக்கும் முழுக் கட்டணம்தான் என்பதால், மூன்று வேளைத் திட்டத்தில் அவரைச் சேர்க்காமல் தனியாக ஆர்டர் செய்ய முடியுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அறை தரைத்தளத்தில் இருக்கிறதா, கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதிச் செலவு அடங்கியிருக்கிறது. சனிக்கிழமை இரவு வாடகை செவ்வாய்க்கிழமை வாடகையைவிட நன்றாகவே கூடும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் இளைஞர் கூட்டமும், புதுச்சேரியின் மலிவான மதுவும், குளத்தோரப் பாட்டுக் கச்சேரியும் சேர்ந்துகொண்டால் கைக்குழந்தையோடு வந்தவர் தூங்க முடியாது. டிசம்பர் 31 அன்று இரவு விருந்துக்குத் தனிக் கட்டணம் கட்டாயம் என்று பல இடங்களில் சேர்ப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் மழைக்காலம் என்பதையும் மறக்கக் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த வாரத்துக்கு முன்பணம் கட்டியிருந்தவரை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் பதிவு செய்தால், புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா, தேதி மட்டும் மாறுமா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படகுச் சவாரிதான் பெரிய ஈர்ப்பு என்றால், அதற்காக ரிசார்ட் தேவையே இல்லை. கடலூர் சாலையிலேயே நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து படகில் பாரடைஸ் பீச் போகலாம். தெற்கே போனால் சிதம்பரம் அருகே பிச்சாவரம். இரண்டுமே அரசுச் சுற்றுலா வளர்ச்சிக் கழகங்கள் நடத்துபவை.

இணையதளத்தில் பணம் கட்டுமுன் ஒரு முறை நேரடியாகத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். வரி உட்பட மொத்தம் எவ்வளவு, பிள்ளைக்கு எத்தனை வயதுவரை கட்டணம் இல்லை, குளம் எத்தனை மணிக்கு மூடப்படும், பராமரிப்புக்காக அந்த வாரம் அடைக்கப்பட்டிருக்குமா, அன்று உள்ளே கல்யாணமோ கம்பெனி விழாவோ இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் நான் கேட்கவில்லை. இரவு பதினொன்றரை வரை யாருடைய நிச்சயதார்த்தத்துக்கோ நாங்களும் விருந்தினராக விழித்திருந்தோம்.

வரும் மே மாதத்துக்கு ஒரு புதன்கிழமையில் டே அவுட் என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருக்கிறது. நைலான் உடைகள் அலமாரியில் இருக்கின்றன, பிளாஸ்க்கும் தயார். விளக்கேற்றும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும் அம்மாவின் நிபந்தனை. ஐந்து மணிக்குச் சரியாகக் கிளம்பினால், அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டி ஆறரைக்குள் மஞ்சக்குப்பம் வந்துவிடலாம் என்று நம்புகிறேன்.