வாசிக்கத் திணறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பை மட்டும் வைத்துப் பார்க்காமல், அரும்பு, மொட்டு, மலர் என்னும் கற்றல் நிலைகளைக் கொண்டு அணுகச் சொல்கிறது. மூன்று நிலையினரையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்துவது எளிதன்று. ஆகவே முதலில் ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்து, அது முன்பு பார்த்திராத நான்கு வரிகளை வாசிக்கச் செய்யுங்கள். பாடநூலைக் கொடுத்தால் பலர் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள்.

பிழை எங்கே நேர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'படம்' என்பதை 'ப, ட, ம்' என்று பிரித்துச் சொல்லி அங்கேயே நின்றுவிடும் குழந்தைக்கு எழுத்து தெரியும், கூட்டி வாசிக்கத்தான் தெரியவில்லை. எழுத்தட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்திச் சேர்த்து, 'பட', 'படம்' என்று ஒலித்துக் காட்டுங்கள். 'கொடு' என்பதைக் 'கெடு' என்று வாசிக்கும் குழந்தையின் சிக்கல் வேறு: முன்னே நிற்கும் ஒற்றைக்கொம்பைக் கண்டவுடன் ஒலித்துவிடுகிறது, பின்னே வரும் துணைக்காலைப் பார்ப்பதில்லை. கெடு, கொடு, கேடு, கோடு ஆகிய நான்கையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கொம்பை ஒரு வண்ணத்திலும் காலை வேறு வண்ணத்திலும் தீட்டிக் காட்டுங்கள்.

மலர் நிலைப் பிள்ளைகளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புவது நமக்கு வசதிதான். ஆனால் அவர்களுக்கும் அன்றாடம் புதிதாக வாசிக்க ஒரு கதை வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து வேறு நான்கு வரிகளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, முன்னேறியவரை அடுத்த நிலைக்கு மாற்றுங்கள்.