ஈடிஏ (கப்பல் வந்து சேரும்னு சொல்ற உத்தேச நேரம்) மெயில மட்டும் நம்பி வண்டி புக் பண்ணாதீங்க (என் அனுபவம்)

தூத்துக்குடில இம்போர்ட் கிளியரன்ஸ் பாக்குறேன். நிறைய சரக்கு கொழும்புல இறங்கி ஃபீடர் கப்பல் (பெரிய துறைமுகத்துலருந்து சரக்க கொண்டுவர்ற சின்ன கப்பல்) மாறித்தான் வரும், லைன்காரங்க (கப்பல் கம்பெனி) அனுப்புற ஈடிஏ மெயில வச்சு ட்ரெய்லர் புக் பண்ணா கப்பல் வெளிய நங்கூரம் போட்டு நிக்கும், வெயிட்டிங் சார்ஜ் பார்ட்டி தலைல விழும், பாவமா இருக்கும். இப்ப ஏஐஎஸ் (கப்பல் தான் இருக்கற இடத்த ரேடியோல தானா அனுப்புற சிஸ்டம்) ட்ராக்கிங் பாத்துதான் எல்லாமே. அதுலயும் போற இடம், ஈடிஏ ரெண்டும் கப்பல்ல இருக்கறவங்க கையால டைப் பண்றது, பல நேரம் பழசாவே கிடக்கும், அத விட்டுடுங்க. பொசிஷனும் ஸ்பீடும் ஜிபிஎஸ்ல இருந்து தானா வருது, பெரிய கப்பல் ஓடும்போது 2லருந்து 10 செகண்டுக்கு ஒருதடவ அனுப்பும், அதத்தான் பாக்கணும்.

கொழும்பு, தூத்துக்குடி நங்கூர ஏரியா, பெர்த் (கப்பல் கட்டி சரக்கு இறக்குற இடம்) மூணுக்கும் அலர்ட் போட்டு வச்சிருக்கேன். ஸ்பீடு 12 நாட்லருந்து (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) 0.2க்கு விழுந்து கப்பல் அதே இடத்துல மெதுவா சுத்திட்டு இருந்தா இன்னும் பெர்த் கிடைக்கலன்னு அர்த்தம், ட்ரைவர்கிட்ட "அண்ணே, வண்டிய எடுக்காதீங்க"ன்னு சொல்லிடுவேன். பெர்த் அலர்ட் வந்தப்புறம்தான் வண்டி கிளம்பும்.

ஒண்ணு முக்கியம், ஏஐஎஸ் கப்பலத்தான் காட்டும், நம்ம பெட்டி அதுல ஏறுச்சான்னு காட்டாது. கொழும்புல லோட் ஆயிருச்சான்னு கண்டெய்னர் நம்பர போட்டு லைன் சைட்ல தனியா பாத்துக்கோங்க.