இன்ஸ்டால் ஸ்கிரிப்டின் மெசேஜ்களை எளிமையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத பழைய கணினிகள் நீலகிரியில் ஏராளம். பச்சைத் தேயிலை எடைக் கணக்கு ஏற்றும் டெஸ்க்டாப், கோத்தகிரி விடுதிகளில் பில் போடும் கணினி, 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்து இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றில் லினக்ஸ் போட்டுக் கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் கிடையாது. விவரம் தெரிந்த ஒருவர் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் ஃபைல்) எழுதி பென் டிரைவில் போட்டுக் கொடுப்பார்; கூடலூரிலோ பந்தலூரிலோ அதை ஓட்டுவது வேறொருவர். பாதியில் அவரிடமிருந்து போன் வரும்: "அண்ணா, ஸ்கிரீன்ல என்னமோ கேக்குது. ஒய் போடட்டுமா, என் போடட்டுமா?"

இதற்குப் போனில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் அந்த மெசேஜ் தன் வேலையைச் செய்யவில்லை. அதைச் சரிசெய்ய உட்காரும் பலரும் முதலில் கத்தரிக்கோலைத்தான் எடுக்கிறார்கள். நீளமான மெசேஜைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் எது அழியப்போகிறது, இப்போது கை என்ன செய்ய வேண்டும், நடுவில் நின்றுபோனால் எங்கிருந்து தொடங்குவது ஆகிய மூன்றில் கைவைக்கக் கூடாது. மற்றதையெல்லாம் தயங்காமல் லாக் ஃபைலுக்கு, அதாவது நடந்ததைப் பதிவுசெய்யும் ஃபைலுக்கு, அனுப்பிவிடலாம்.

டிஸ்க்கின் பெயரை மட்டும் சொல்வது

"எஸ்டிஏ அழிக்கப்படும். தொடரவா?" இந்த மெசேஜ் சுருக்கமானது, படிக்கச் சுலபமானது, நான் பார்த்ததிலேயே ஆபத்தானதும் இதுதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கும் வரிசையில் வைக்கிற பெயர்தான் எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம். ஒரு கணினியில் ஹார்ட் டிஸ்க் எஸ்டிஏ-வாகவும் பென் டிரைவ் எஸ்டிபி-யாகவும் இருக்கும். பக்கத்து மேசைக் கணினியில் அது தலைகீழாகலாம். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்றால் பெயரின் அமைப்பே வேறு. எழுதியவருக்கே உறுதியில்லாத பெயரைக் காட்டி, ஓட்டுகிறவரிடம் சம்மதம் கேட்பது நியாயமில்லை.

அதே இடத்தில் இப்படிக் காட்டலாம்:

"இந்த டிஸ்க் முழுவதும் அழியும்: சீகேட், 500 ஜிபி.
இப்போது இதில் இருப்பவை: விண்டோஸ், 'கணக்கு' என்ற பார்ட்டிஷன்.
அழித்த பிறகு திரும்ப எடுக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
காப்பி எடுக்கவில்லை என்றால் என்டர் தட்டுங்கள், எதுவும் மாறாமல் நின்றுவிடும்."

மாடல், அளவு, பார்ட்டிஷனின் லேபிள் எல்லாவற்றையும், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையே கொடுத்துவிடும். அளவில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. 500 ஜிபி என்று ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்கை அந்தக் கட்டளை 465.8 என்று காட்டும். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், கட்டளை 1024-ஆல் வகுக்கிறது. ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் 465-ஐக் கண்டதும் 'இது நம்ம டிஸ்க் இல்லையோ' என்று குழம்புவார். அதனால் ஸ்டிக்கரில் உள்ள எண்ணையே காட்டுங்கள்.

'கணக்கு' என்ற அந்த ஒரு லேபிள் கண்ணில் பட்டால் போதும், கை நின்றுவிடும். பல வருட இலை எடைக் கணக்கு ஒரே கணினியில் கிடக்கும் இடங்கள் இங்கே உண்டு. போன ஃபைலை மீட்டுப் பார்க்க மலையிறங்கி கோயம்புத்தூர் வரை போக வேண்டும், போனாலும் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, வெறும் என்டர் தட்டினால் அழியக் கூடாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் இன்ஸ்டாலரில், டிஸ்க்கில் எழுதலாமா என்ற கடைசிக் கேள்விக்கு 'வேண்டாம்' என்பதே முன்னிருப்பு. டிஸ்க்கைப் பூட்டும் கிரிப்ட்செட்டப் கருவி, 'YES' என்ற முழுச் சொல்லையும் பெரிய எழுத்தில் டைப் செய்தால்தான் நகரும். தெரியாமல் தட்டுவதைத் தடுக்க இது போதும்.

எல்லாவற்றுக்கும் 'தொடரவா?' கேட்பது

பாதுகாப்பு என்று நினைத்து ஒவ்வொரு படியிலும் அனுமதி கேட்கும் ஸ்கிரிப்ட்கள் உண்டு. மொழிக்கு என்டர், நேர மண்டலத்துக்கு என்டர், கீபோர்டுக்கு என்டர். அதற்குள் கை பழகிவிடும். டிஸ்க் கேள்வி வரும்போது கண் படிப்பதற்குள் விரல் தட்டிவிடும். டெபியனில் கேள்விகளைக் கேட்கும் கருவியான டெப்கான்ஃப் இதற்காகவே அவற்றைக் குறைவு, நடுத்தரம், உயர்வு, மிக முக்கியம் என்று நான்கு தரமாகப் பிரித்திருக்கிறது. இன்ஸ்டாலர் சாதாரணமாகக் கடைசி இரண்டை மட்டுமே கேட்கும். இந்தியாவில் ஓடப்போகும் ஸ்கிரிப்டுக்கு நேர மண்டலம் எதற்குக் கேள்வி? கேட்டே ஆக வேண்டியதை ஆரம்பத்திலேயே மொத்தமாகக் கேட்டு முடித்துவிட்டால், பிறகு அவர் வேறு வேலை பார்க்கப் போகலாம்.

திரையை ஊமையாக்குவது

புரோகிராம்களை ஏற்றும் கருவியான ஆப்ட் கொட்டும் நூற்றுக்கணக்கான வரிகள் பயமுறுத்துகின்றன என்று, எல்லாவற்றையும் நல் டிவைஸுக்கு, அதாவது எதையும் வைத்துக்கொள்ளாமல் விழுங்கிவிடும் இடத்துக்கு, திருப்பிவிடுகிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் வெகுநேரம் எதுவும் அசையாமல் நின்றால், தொங்கிவிட்டது என்று நினைத்து ஸ்விட்சை அணைப்பதுதான் யாருக்கும் தோன்றும். வரிகளை லாக்கில் எழுதுங்கள், திரையில் "9-ல் 4: புரோகிராம்கள் ஏறுகின்றன" என்று மட்டும் காட்டுங்கள். கூடவே ஏறிக்கொண்டிருக்கும் பேக்கேஜின் (புரோகிராம் தொகுப்பின்) பெயர் மாறிக்கொண்டே இருந்தால் வேலை நடப்பது தெரியும். இத்தனை நிமிடம் ஆகும் என்று மட்டும் சொல்லாதீர்கள். மசினகுடியின் நெட் வேகத்தை உங்கள் ஸ்கிரிப்ட் அறியாது.

தென்மேற்குப் பருவமழையில் கூடலூர் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவது சாதாரணம். "கணினியை அணைக்காதீர்கள்" என்ற எச்சரிக்கை அப்போது எதற்கும் உதவாது. தொடங்கும் முன்பே சார்ஜர் மாட்டியிருக்கிறதா, பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று ஸ்கிரிப்ட் பார்த்துச் சொல்லட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் "இப்போது கரண்ட் போனால் முதலிலிருந்து ஓட்டலாம்" என்றோ, "டிஸ்க் ஏற்கெனவே அழிந்துவிட்டது, விண்டோஸ் இனி வராது, பென் டிரைவிலிருந்து மறுபடி பூட் செய்யுங்கள்" என்றோ உள்ள நிலையை அப்படியே சொல்லட்டும்.

எரரை எண்ணாகவோ இனிப்பாகவோ மாற்றுவது

"தோல்வி: 100." இது ஆப்ட்டின் கட்டளையான ஆப்ட்-கெட் எந்தப் பிழைக்கும் பொதுவாகத் தரும் எக்சிட் கோட், அதாவது முடியும்போது தரும் எண். நெட் இல்லாவிட்டாலும் 100, பேக்கேஜ் பெயர் தப்பானாலும் 100. "ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது, மன்னிக்கவும்" என்பது அதைவிட மோசம், அதில் அந்த எண்கூட இல்லை. "நெட் கிடைக்கவில்லை. டிஸ்க்கில் இன்னும் எதுவும் மாறவில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு என்டர் தட்டுங்கள்" என்று எழுதினால் அவரே பார்த்துக்கொள்வார். அதன் கீழே கருவி கொடுத்த மூல ஆங்கில வரியையும் விட்டுவையுங்கள். அவர் போட்டோ எடுத்து அனுப்பினால் உதவுகிறவர் தேடப்போவது அந்த வரியைத்தான்.

லாக் எங்கே எழுதப்படுகிறது என்பதையும் பாருங்கள். டிஸ்க்கில் போடாமல் நேராகப் பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் சிஸ்டத்தின் லாக் பெரும்பாலும் நினைவகத்தில்தான் இருக்கும், அணைத்தால் போய்விடும். எரர் வந்த உடனேயே அதைப் பென் டிரைவுக்குக் காப்பி செய்துவிட்டு, ஃபைலின் பெயரைத் திரையில் காட்டுங்கள்.

தமிழ் தெரியாத திரையில் தமிழ்

லினக்ஸின் வெறும் டெக்ஸ்ட் கன்சோல் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களைத்தான் தாங்கும், எழுத்துகளைச் சேர்த்துக் காட்டவும் அதற்குத் தெரியாது. அங்கே தமிழ் கட்டம் கட்டமாகத்தான் வரும். டெபியனிலும் தமிழ் கிராஃபிக்கல் இன்ஸ்டாலரில் மட்டுமே உண்டு. லைவ் டெஸ்க்டாப்பில், ஸ்கிரிப்டிலிருந்து மெசேஜ் பெட்டிகளைத் திறக்கும் ஜெனிட்டி கருவி வழியாகக் காட்டினால் தமிழ் ஒழுங்காகத் தெரியும். வாக்கியத்தைத் துண்டு துண்டாக வைத்து நடுவில் டிஸ்க் பெயரைச் செருகும் பழக்கத்தையும் விடுங்கள். முழு வாக்கியத்தையும் ஒரே சரமாக, டிஸ்க் பெயரை அதற்குள் ஒரு மாறியாக வைத்தால் மெசேஜ்களை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் கருவி வழியாக மொழிபெயர்ப்பவர் வரிசையை மாற்றிக்கொள்வார்.

"முடிந்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்துவது

பென் டிரைவைக் கழற்றாமல் ரீஸ்டார்ட் செய்தால், பயாஸின் (கணினி தொடங்கும் முறையைத் தீர்மானிக்கும் அமைப்பின்) பூட் வரிசையில் யுஎஸ்பி முதலில் இருக்கும் கணினி மறுபடி இன்ஸ்டாலருக்கே போகும். கேள்வி கேட்காமல் ஓடும் ஸ்கிரிப்ட் என்றால், புதிதாகப் போட்டதையும் அதற்குள் காப்பி செய்த ஃபைல்களையும் சேர்த்து அழித்துவிடும். "பென் டிரைவைக் கழற்றுங்கள், பிறகு என்டர் தட்டுங்கள்" என்பது கடைசித் திரையில் பெரிதாக இருக்கட்டும். அதை மட்டும் நம்பாமல், முடிந்ததும் டிஸ்க்கில் ஓர் அடையாள ஃபைலை எழுதி வையுங்கள். அடுத்த முறை ஸ்கிரிப்ட் அதைக் கண்டால், "இந்தக் கணினியில் ஏற்கெனவே போட்டாயிற்று" என்று தேதியோடு சொல்லி நின்றுவிடலாம்.