1780 லண்டன் கலவரத்தில் கைதானவரைத் தேட

1780 ஜூனில் லண்டனை உலுக்கிய, கத்தோலிக்கர்களுக்கு எதிரான கார்டன் கலவரத்தில் கைதான ஒருவரைத் தேடுகிறீர்களா, முதலில் லண்டனின் முக்கியக் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியின் விசாரணைப் பதிவுகளைத் திறங்கள், 1674 முதல் 1913 வரை அச்சானவை இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயரை அன்று பலவிதமாக எழுதுவார்கள். ஜூன் கடைசியில் தொடங்கிய அமர்வை எடுத்து, கலவரம் என்ற குற்றப்பிரிவில் வரிசையாகப் படியுங்கள். யாருடைய வீட்டை இடித்தார் என்றுதான் பெரும்பாலும் குற்றச்சாட்டு இருக்கும், அதனால் வீட்டுக்காரர் பெயரிலும் தேடலாம். சாட்சியங்களை விடவே விடாதீர்கள்: எந்தத் தெரு, என்ன வேலை, யார் அடையாளம் காட்டினார் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

தீர்ப்போடு நிறுத்திவிடவும் கூடாது. நியூகேட் சிறைத் தாக்குதலுக்காக மரண தண்டனை பெற்ற கறுப்பினத்தவர்களான பெஞ்சமின் பவ்ஸி, ஜான் குளோவர் இருவருக்கும், ஆப்பிரிக்காவில் படைவீரர்களாகப் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனையில் பிறகு மன்னிப்பு கிடைத்தது.

அப்புறம், தேம்ஸ் நதியின் தென்கரையில், அன்று சர்ரே மாவட்டத்தில் இருந்த சதர்க் பகுதியில் பிடிபட்டவர்கள் ஓல்ட் பெய்லி பதிவுகளில் வரமாட்டார்கள், அவர்களைச் சர்ரேயில் தனி ஆணையம் விசாரித்தது. விசாரணையே இல்லாமல் விடுவிக்கப்பட்டவர் என்றால் லண்டன் ஆவணக்காப்பகத்தில் (2024 வரை லண்டன் பெருநகர ஆவணக்காப்பகம்) உள்ள நீதிமன்ற அமர்வுத் தாள்களைப் பாருங்கள்.